செஞ்சிக் கோட்டையை மேசைமேல் கட்டுவது எப்படி: தமிழ்ப்பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு 1:4000 மாதிரி

பள்ளிக் கண்காட்சியில் செஞ்சிக் கோட்டை என்றாலே ஓர் ஒற்றை மலை, உச்சியில் அட்டைப்பெட்டி அரண்மனை, அதன்மேல் கொடி, அடிவாரத்தில் பாராசாரிக் குதிரையில் தேசிங்குராஜன் என்று வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் செஞ்சி ஒற்றை மலையில் இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று பாறை மலைகளையும் மதிலால் இணைத்து, நடுவிலுள்ள சமவெளியையும் உள்ளே இழுத்துக்கொண்ட மலைக்கோட்டை அது. சக்கிலிதுர்க்கம் என்று நான்காவதாக ஒரு சிறு குன்றும் உண்டு. தேசிங்கு அதைக் கட்டவும் இல்லை. அவர் செஞ்சியை ஆண்டது ஓர் ஆண்டுகூட நிறையாது.

பினாங்கில் எளிதாகக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, ஆண்டு 5, 6 மாணவர்கள் ஓர் ஆசிரியரோடும் இரண்டு பெற்றோரோடும் நான்கு சனிக்கிழமைகளில் முடிக்கக்கூடிய மாதிரி இது. மலையின் உயரம், மதிலின் நீளம், அகழியின் அகலம் ஆகியவை அளவோடு இருக்கும். எது யார் காலத்தது என்பதும் தெரியும். இந்த இரண்டும் இல்லையென்றால் அது மாதிரி ஆகாது, வெறும் அலங்காரம்.

அளவை முதலில்

பலகை ஏ1 தாளின் அளவு, அதாவது 84 × 59 செ.மீ. அளவை 1:4000. தாளில் 1 செ.மீ. என்றால் தரையில் 40 மீட்டர். 1 கிலோமீட்டருக்கு 25 செ.மீ. இந்த அளவைக்கு ஒரு காரணம் உண்டு. கடையில் கிடைக்கும் ஃபோம் போர்டின் கனம் 5 மி.மீ. அது இந்த அளவையில் சரியாக 20 மீட்டர். ராஜகிரி தரையிலிருந்து ஏறக்குறைய 240 மீட்டர் (800 அடி) உயரம். எனவே 12 அடுக்கு, மொத்தம் 6 செ.மீ. கணக்கு இவ்வளவுதான். மாணவர்களே போட்டுவிடுவார்கள்.

6 செ.மீ. மலை குட்டையாகத் தெரிகிறதே என்று இரண்டு மடங்காக்க வேண்டாம். நம் பினாங்குக் கொடிமலை கடல்மட்டத்திலிருந்து 833 மீட்டர். இதே அளவையில் 21 செ.மீ. வரும். ராஜகிரி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருந்தும் ஒரு பெரும்படை அதன் முன்னால் எட்டு ஆண்டு காத்துக் கிடந்தது. உயரம் மட்டுமே காரணமில்லை என்பதைக் காட்டத்தான் இந்த மாதிரியே. உயரத்தை ஊதிவிட்டால் அந்தச் செய்தி போய்விடும்.

வரைபடத்துக்குச் செயற்கைக்கோள் படத்தில் செஞ்சியைத் தேடி, சாய்வுக் கோணத்தைச் சுழியாக்கி நேர் மேலிருந்து பாருங்கள். அளவுகோல் கருவியால் மூன்று மலைகளையும் வெளி மதிலையும் சுற்றி அளந்து, எல்லாம் 3.3 × 2.3 கி.மீ. செவ்வகத்துக்குள் அடங்குமாறு பலகையின் திசையை முடிவு செய்யுங்கள். ஓரம் நெருக்கமாக இருந்தால் 1:5000-க்கு மாறலாம். அப்போது ஓர் அடுக்கு 25 மீட்டர், ராஜகிரிக்கு 10 அடுக்கு போதும்; கீழே வரும் மற்ற அளவுகளை ஐந்தில் நான்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். சமவுயரக் கோடுகளுக்கு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு போதும். கட்டட வரைபடம் அச்சிடும் கடையில் ஏ1 தாளில் இரண்டு படி எடுங்கள்: ஒன்று வெட்டுவதற்கு, ஒன்று சரிபார்ப்பதற்கு. வீட்டு அச்சுப்பொறியில் எடுத்தால் ஏ4 தாள் 12 ஆகும், ஒட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

தவறு பெரும்பாலும் இங்கேதான் நுழையும். ‘பக்கத்துக்குள் அடக்கு’ என்ற அமைப்பு தானாகவே இயங்கிப் படத்தைச் சுருக்கிவிடும். 25 செ.மீ. இருக்க வேண்டிய கோடு 24 ஆகிவிடும். அதை வைத்து அடுக்கை வெட்டினால் மலை குறுகி, உயரம் மட்டும் அப்படியே நிற்கும். அச்சு கைக்கு வந்ததும் 1 கி.மீ. கோட்டை அளந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இன்னொரு சிக்கல், இலவச உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக இருப்பது. செங்குத்துப் பாறையை அது மழுப்பிச் சரிவாகக் காட்டும், உச்சியையும் சற்றே சீவிவிடும். ராஜகிரியின் அழகே நீண்ட முதுகும் அதன் முனையில் துருத்தி நிற்கும் பெரும்பாறையும்தான். ஆகவே கடைசி மூன்று நான்கு அடுக்குகளைத் தரவை மட்டும் நம்பி வெட்ட வேண்டாம். கீழிருந்து எடுத்த புகைப்படங்களைப் பார்த்து, ஒரு பக்க விளிம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் நிறுத்துங்கள்.

வாங்க வேண்டியவை

5 மி.மீ. ஃபோம் போர்டு ஏ1 அளவில் 5 தாள் (தரைக்கு 1, மலைகளுக்கு 3, கெட்டுப்போனால் 1). 6 மி.மீ. பிளைவுட் 84 × 59 செ.மீ. ஒன்று, அதன் அடியில் ஆணியடிக்க நீளவாக்கில் இரண்டு மரச்சட்டம். 3 மி.மீ. ஈவா தாள் (மெத்தென்ற நுரைத் தாள்) ஏ4 அளவில் 3, மண் நிறத்தில். வெள்ளைப் பசை அரைக் கிலோ. இரட்டைப் பக்க ஒட்டுநாடா இரண்டு சுருள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஏ4 அளவில் 2. மீன் தொட்டிக்குப் போடும் பொடிக்கல் 1 கிலோ. அக்ரிலிக் வண்ணம்: கறுப்பு, வெள்ளை, காவி, பச்சை, நீலம். குண்டூசி ஏழு நிறத்தில். கட்டர் கத்தியும் நிறைய மாற்று அலகுகளும்.

பிளைவுட்டுக்குப் பதிலாக 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். அது மட்டுமே 5 கிலோ அளவுக்குக் கனக்கும், ஓரத்தில் ஈரம் பட்டால் உப்பும். 6 மி.மீ. பிளைவுட் 2 கிலோவுக்குள் முடிந்துவிடும், இரண்டு பிள்ளைகள் தூக்கலாம். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: பிளைவுட்டின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் வார்னிஷ் பூச வேண்டும். மேல்பக்கம் மட்டும் பூசினால் அடிப்பக்கம் நம் ஊர் ஈரக்காற்றைக் குடித்து, ஒரு வாரத்தில் பலகை வளைந்துவிடும்.

மைதாப் பசை வேண்டவே வேண்டாம். கண்காட்சிக்கு முந்தின இரவே எறும்பும் கரப்பானும் கோட்டையைப் பிடித்துவிடும். கடற்கரை மணலும் வேண்டாம். பத்து ஃபெரிங்கி மணல் கருங்கல் மணல்தான், நிறமும் பொருந்தும். ஆனால் உப்பு இருக்கிறது. பசையும் வண்ணமும் காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகப் பூத்து உரியும். போதாக்குறைக்குக் கடற்கரையிலிருந்து மணல் அள்ளுவது சட்டப்படியும் வம்பு.

முதலில் தண்ணீர்

பலகையில் முதலில் ஒட்டுவது முழுத்தாள் ஃபோம் போர்டு. இதுதான் சமவெளி. மலையை ஒட்டும் முன் இதில் அகழியையும் குளங்களையும் தோண்டிவிட வேண்டும். மலை ஏறியபின் கை நுழையாது.

அகழி ஏறக்குறைய 24 மீட்டர் அகலம் என்பதால் மாதிரியில் 6 மி.மீ. இரண்டு கோடு கீறி, மேல்தாளை மட்டும் உரித்து, உள்ளேயிருக்கும் நுரையைக் கரண்டிக் காம்பின் பின்புறத்தால் ஒரு மி.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். 5 மி.மீ. முழுக்க வெட்டி எடுத்தால் அகழியின் ஆழம் 20 மீட்டர் என்று ஆகிவிடும், அது பொய். அகழி சமவெளிப் பகுதியில் மட்டும்தான். அதை மலைச்சரிவிலும் ஏற்றிவிடுவது வழக்கமான பிழை. சரிவில் தண்ணீர் நிற்காது. அங்கே பாறையே அகழியின் வேலையைச் செய்கிறது.

குளங்களில் சக்கரகுளம், செட்டிகுளம், ஆனைக்குளம் மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். மலை உச்சிகளில் மழைநீரைத் தேக்கும் பாறைக் குழிகளையும் சுனைகளையும் மலைகள் முடிந்தபின் நீலப் புள்ளியாக வையுங்கள். ராஜகிரி உச்சியில் வற்றாத சுனை இருந்ததால்தான் கீழ்க்கோட்டை போனபின்னும் மேலே இருப்பவர்கள் தாக்குப்பிடிக்க முடிந்தது. மேலே தானியக் களஞ்சியம். கிருஷ்ணகிரியிலோ களஞ்சியத்தோடு எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்றே சொல்லப்படும் தொட்டிகள். உணவும் நீரும் உச்சியில் இருக்கும் கோட்டையைப் பட்டினி போட்டுப் பிடிப்பது கடினம். கண்காட்சிக்கு வருபவர்களிடம் மாணவர்கள் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான், குதிரைக் கதை இல்லை.

தண்ணீருக்குப் பிளாஸ்டிக் தாளைக் குளத்தின் வடிவில் வெட்டி, அடிப்பக்கம் கரும்பச்சையும் நீலமும் கலந்து பூசி, காய்ந்ததும் கவிழ்த்து ஒட்டுங்கள். பளபளப்பு தானாக வரும். வெள்ளைப் பசையைத் தடிமனாக ஊற்றினால் கண்ணாடி போல் காயும் என்று காணொளிகளில் காட்டுவார்கள். நம் ஊர் ஈரத்தில் அது நாள்கணக்கில் பால் நிறமாகவே இருக்கும். நகப்பூச்சை ஊற்றினால் நுரை கரைந்து குளம் கிணறாகிவிடும்.

மலை அடுக்குகள்

அச்சுத்தாளின் ஒவ்வொரு சமவுயரக் கோட்டையும் தனித்தனியாக வெட்டி ஃபோம் போர்டில் வரையுங்கள். ஒவ்வொரு துண்டிலும் அடுத்த அடுக்கு உட்காரும் கோட்டையும் மெல்லிய பென்சிலில் போட்டுவிட வேண்டும். இதை விட்டால் ஒட்டும்போது அடுக்கு நகர்ந்து மலை ஒரு பக்கம் சாயும். துண்டின் பின்புறம் எண் எழுதுங்கள்: ரா1, ரா2, கி1, ச1 என்று.

வெட்டும்போது ஒரே அழுத்தில் அறுக்கக் கூடாது. முதல் இழுப்பில் மேல்தாள், இரண்டாவதில் நுரை, மூன்றாவதில் அடித்தாள். அலகு மழுங்கினால் நுரை பிய்ந்து பல்பல்லாக வரும். ராஜகிரி ஒன்றுக்கே இரண்டு மூன்று முறை அலகை மாற்றுங்கள். இந்த வேலை பெரியவர்களுக்கு மட்டும். எண் போடுவதும் அடுக்குவதும் பிள்ளைகளுக்கு.

ஒட்டும்போது வெள்ளைப் பசையை முழுக்கப் பூசினால் இரண்டு தாளுக்கு நடுவே நீர் சிக்கிக்கொண்டு, காயாமல் அடுக்கு வளையும். நடுவில் இரட்டைப் பக்க நாடா நான்கு துண்டு, ஓரத்தில் மட்டும் மெல்லிய பசைக் கோடு, மேலே கனமான புத்தகம், ஓர் இரவு. குளூ கன் விரைவாக ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பசை இளகும், கோட்டை பள்ளிக்குப் போய்ச் சேருமுன் உச்சி கழன்று வரும்.

பிறகு தோல். செஞ்சி மலைகள் வழுவழுப்பானவை இல்லை. உருண்டையும் பிளவுமாகக் கருங்கற்கள் குவிந்து கிடக்கும் குன்றுகள் அவை. பிளாஸ்டர் பூசி நீவினால் கேமரன் மலை தேயிலைத் தோட்டம் போல் ஆகிவிடும். பொடிக்கல்லைச் சல்லடையில் சலித்து மூன்றாகப் பிரியுங்கள் (அந்தச் சல்லடை மறுபடி அடுக்களைக்குப் போகக் கூடாது). 3 மி.மீ. கல் ஒன்று இந்த அளவையில் 12 மீட்டர் பாறை. அதைச் சிக்கனமாக, துருத்தும் இடங்களில் மட்டும். ஒரு மி.மீ. கல்தான் பெரும்பகுதி. தூளை இடுக்குகளில் தூவுங்கள். பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, அடுக்கின் படிகள் மறையும்வரை பூசிப் பூசிக் கல்லைத் தூவ வேண்டும். காய ஒரு முழு நாள் விடுங்கள். காயாமல் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

வண்ணத்துக்குத் தெளிப்பான் டின்னைப் பயன்படுத்தினால் வெளியே தெரியும் நுரை உருகிக் குகைகள் உண்டாகும். தூரிகையில் சாம்பலும் காவியும் கலந்த அடிப்பூச்சு, காய்ந்தபின் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் வெளிர் சாம்பலை உரசினால் கற்களின் முனை மட்டும் மின்னும். பச்சை நாலில் ஒரு பங்குக்குமேல் போகக் கூடாது. அங்கே இருப்பது முட்புதர், நம் மழைக்காடு அல்ல.

மதில்

மதிலின் மொத்தச் சுற்று ஏறக்குறைய 13 கி.மீ. மாதிரியில் 325 செ.மீ. வெட்டுவதற்கு முன் அதே நீளத்துக்கு ஒரு நூலை அறுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து வரைபடத்தின்மேல் ஓட்டச் சொல்லுங்கள். 1690 முதல் 1698 வரை ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் ஏன் இதைச் சுற்றி வளைக்க முடியாமல் திணறினார் என்பது அந்த நூலிலேயே புரிந்துவிடும். இவ்வளவு நீளத்தையும் ஒரே நேரத்தில் அடைத்து நிற்க ஆளும் சோறும் வேண்டும். ஒரு வாயிலை அடைத்தால் இன்னொரு பக்கம் வழி திறக்கும். கோட்டைக்குள் இருந்த மராத்திய மன்னர் ராஜாராம், கோட்டை விழுவதற்குள் தப்பியும் போனார்.

சமவெளியில் மதிலின் கனம் சில இடங்களில் 20 மீட்டர் அளவுக்குப் போகிறது. அங்கே ஈவா தாளை 5 மி.மீ. அகலப் பட்டையாக வெட்டிப் படுக்கவைத்து ஒட்டுங்கள். மலைச்சரிவில் ஏறும் மதில் ஒல்லியானது, 2 மி.மீ. போதும். எல்லா இடத்திலும் ஒரே பட்டையை ஓட்டிவிட்டால் கோட்டையின் தந்திரமே மறைந்துவிடும். எதிரியின் பீரங்கி நிற்கக்கூடிய சமதளத்தில்தான் கனத்த மதில். ஏறவே முடியாத இடத்தில் கல்லை வீணாக்கவில்லை.

கொத்தளங்களுக்குத் தாளில் துளை போடும் கருவியால் ஈவா தாளிலேயே வட்டம் எடுத்துப் பாதியாக வெட்டி மதிலின் வெளிப்புறம் ஒட்டலாம். வட்டம் 6 மி.மீ. என்பதால் சற்றே பெரிதாகத்தான் வரும், கண்ணுக்கு உறுத்தாது. கீழ்க்கோட்டைக்கு வேலூர் வாயில், புதுச்சேரி வாயில் என்று இரண்டு முக்கிய வாயில்கள். அங்கே மதிலை நேராக அறுத்து இடைவெளி விடாதீர்கள். வழி மதிலுக்குள் மடங்கி மடங்கிப் போக வேண்டும். நேராக ஓடிவந்து கதவை மோத யானைக்கு இடம் கிடைக்காமல் செய்வதற்காகவே அந்த மடிப்பு.

திருவண்ணாமலை போகும் இன்றைய சாலை கோட்டைப் பகுதியை ஊடறுத்துச் செல்கிறது. அதை மாதிரியில் போடுவதா, வேண்டாமா? புள்ளிக் கோடாகப் போடலாம் என்பது எங்கள் கட்சி. நேரில் போய் வந்த பெரியவர்கள் அந்தச் சாலையைப் பிடித்துத்தான் திசை சொல்வார்கள்.

எது யார் காலத்தது

ஏழு நிறக் குண்டூசி வாங்கச் சொன்னது இதற்குத்தான். ஒரே வண்ணத்தில் ‘ராஜா தேசிங்கு கோட்டை’ என்று எழுதுவதும் தவறு, 2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்’ பட்டியலில் சேர்த்ததால் எல்லாமே சிவாஜி கட்டியது என்று சொல்வதும் தவறு. அந்தப் பட்டியலில் உள்ள 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். சிறப்புதான், ஆனால் கோட்டையின் வயது அதைவிடப் பெரிது.

மஞ்சள் ஊசி கோனார் மரபுக்கு. 1190 வாக்கில் ஆனந்தக் கோன் ராஜகிரியில் முதல் அரணை எழுப்பினார், பின்வந்த கிருஷ்ணக் கோன் பெயரால் கிருஷ்ணகிரி என்பது மரபுச் செய்தி. பிற்காலச் சுவடிகளே இதற்கு ஆதாரம் என்பதால், ஊசியோடு ‘மரபு’ என்ற சீட்டையும் குத்துங்கள். பச்சை ஊசி விஜயநகரத்துக்கும் செஞ்சி நாயக்கர்களுக்கும். இதுதான் அதிகம் தேவைப்படும். கல்யாண மகால், களஞ்சியங்கள், வேங்கடரமணர் கோயில் என்று இன்று கண்ணில் படும் பெரிய கட்டடங்கள் பலவும் நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. 16-ஆம் நூற்றாண்டின் முடிவில் சேசு சபைப் பாதிரியார் பிமென்டா வந்தபோது செஞ்சியைப் பெரிய நகரமாகவே கண்டு எழுதினார்.

1640-களின் முடிவில் பீஜாப்பூர் சுல்தானியத்தின் கையில் போனது, அதற்கு நீலம். 1677-இல் சிவாஜி கைப்பற்றினார், காவி. அவர் புது மதிலும் அகழியும் எழுப்பிப் பழையதை வலுப்படுத்தியதை அக்காலச் சேசு சபைக் கடிதங்கள் வியந்து பேசுகின்றன. ஆகவே காவி ஊசி கட்டடங்களில் அல்ல, கனத்த வெளி மதிலில் குத்தப்பட வேண்டும். 1698-க்குப் பின் முகலாயரும் ஆற்காட்டு நவாபும். வெள்ளை ஊசி, சாதத்துல்லா கான் பள்ளிவாசலில். அதன் காலம் 1717–18. 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, எட்டு ஆண்டு தாக்குப்பிடித்த அதே கோட்டையை ஓர் இரவுத் தாக்குதலில் பிடித்தார், சிவப்பு. 1761-இல் ஆங்கிலேயர், கறுப்பு.

தேசிங்கு எங்கே? இயற்பெயர் தேஜ்சிங். 1714 அக்டோபரில் நவாபின் படையோடு மோதி மாண்டபோது வயது 22 என்பார்கள். கட்டியது எதுவுமில்லை என்பதால் ஊசி கிடையாது. செட்டிகுளக் கரையில் ஒரு சிறு மேடை வைத்து, அவரை எரியூட்டிய இடமாக ஊர் வழக்கு சொல்வது இதுவே என்று எழுதுங்கள். தெருக்கூத்தாகவும் கதைப்பாட்டாகவும் கடல் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்த ஒருவரை முற்றிலும் விட்டுவிட்டால் தாத்தா பாட்டிகள் சண்டைக்கு வருவார்கள்.

கோட்டைக்கும் முந்திய அடுக்கு பலகைக்கு வெளியே இருக்கிறது. செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில் ஒரு பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். அங்கேயே 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை என்னும் நினைவுக் கல்வெட்டு. பலகையின் வட ஓரத்தில் அம்புக்குறி போட்டு இரண்டு வரி எழுதினால் போதும்.

கட்டடங்களைக் காட்டுவதிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். 1:4000-இல் எந்தக் கட்டடமும் சில மி.மீ. துண்டுதான். கூரையோடு நிற்பவற்றுக்கு மட்டும் கட்டை வையுங்கள். தொல்லியல் துறை தோண்டி வெளிப்படுத்திய அரண்மனைப் பகுதியில் அடித்தளமும் மேடையும்தான் உள்ளன. அங்கே தரையோடு தரையாகக் கோடு மட்டும். அதன்மேல் கற்பனை மாடம் எழுப்பினால், நிற்கும் கல்யாண மகாலும் நிற்காத அரண்மனையும் பிள்ளைகள் கண்ணில் ஒன்றாகிவிடும்.

இரண்டு துணை மாதிரிகள்

முக்கியமான இரண்டு இடங்கள் பெரிய பலகையில் தெரியவே தெரியாது. 30 × 20 செ.மீ. பலகைகளில் 1:200 அளவையில் தனியாகச் செய்யுங்கள். இந்த அளவையில் ஆள் 8 மி.மீ. உயரம்.

ஒன்று ராஜகிரி உச்சிக்குக் கீழே உள்ள பிளவு. ஏறக்குறைய 7 மீட்டர் அகலம், 18 மீட்டர் ஆழம், மாதிரியில் 3.5 செ.மீ. அகலம், 9 செ.மீ. ஆழம். ஃபோம் போர்டுத் துண்டுகளை நிமிர்த்தி ஒட்டி இரண்டு பாறைச் சுவர்கள் செய்து, கல்தோல் பூசி, குறுக்கே ஐஸ்கிரீம் குச்சியால் எடுக்கக்கூடிய பாலம் போடுங்கள். ஒட்டிவிடாதீர்கள். மரப்பாலத்தை இழுத்துக்கொண்டால் ஒரு சிலரே உச்சியைக் காத்துக்கொள்ளலாம் என்பதைப் பிள்ளைகள் பாலத்தைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். இந்த மாதிரியில் கூட்டம் சேரும் இடம் இதுதான். பாலம் தொலையும், நாலைந்து உபரி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கல்யாண மகால். எட்டு நிலை, மேலே கூம்புக் கூரை, சுற்றிலும் வளைவுகளோடு தாழ்வாரம். நிலைக்கு 1.5 செ.மீ. வைத்தால் கூரையோடு 13–14 செ.மீ. வரும். வளைவுகளைக் கத்தியால் வெட்டப் போனால் ஒரு மாதம் ஆகும். தடித்த அட்டையில் அச்சிட்டு மடித்து ஒட்டுவதே புத்திசாலித்தனம். சுடுமண் குழாய் வழியே மேல் நிலைக்குத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு மூலையில் காவி நிறம் பூசிய உறிஞ்சுகுழலை ஒட்டிக் காட்டலாம்.

ஒப்பீட்டுக்குப் பெரிய பலகையின் காலி மூலையில் ஜோர்ஜ் டவுன் கார்ன்வாலிஸ் கோட்டையை அதே 1:4000-இல் அளந்து வெட்டி ஒட்டுங்கள். ஒரு தீப்பெட்டியைவிடச் சிறியதாக வரும். எஸ்பிளனேடில் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் செஞ்சியின் அளவு வேறெப்படியும் உறைக்காது.

சீட்டுகளும் பயணமும்

பெயர்ச் சீட்டு தமிழில் பெரிதாக, கீழே மலாயில் ஒரு வரி. எழுத்து 24 புள்ளிக்குக் குறைந்தால் இரண்டாவது வரிசையில் நிற்பவருக்குத் தெரியாது. ஆண்டுகளைச் சீட்டில் எழுதுமுன் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்க்கட்டும். வடக்குக் காட்டும் அம்பும் அளவைக் கோடும் மறந்துபோகிற வழக்கம் உண்டு. நீதிபதிகள் முதலில் தேடுவது அவற்றைத்தான்.

84 × 59 பலகை மைவி காரின் பின் இருக்கையை மடக்கினால் படுக்கையாகவே போய்விடும். பிளாஸ்டிக் உறையில் மூடுங்கள், ஆனால் இறுக்கக் கட்டாதீர்கள். உள்ளே வேர்த்து வண்ணம் ஒட்டிக்கொள்ளும். குண்டூசிகளைக் கழற்றித் தனி டப்பாவில் எடுத்துப்போய் மண்டபத்தில் குத்துங்கள். எந்த ஊசி எங்கே என்பதற்கு அந்த இரண்டாவது ஏ1 அச்சில் ஏற்கெனவே நிறம் போட்டு வைத்திருந்தால், பத்து நிமிட வேலை. கண்காட்சி முடிந்து நூலகத்தில் வைப்பதானால் தரையில் சாய்த்து வைக்காமல் அலமாரியின் மேல்தட்டில் படுக்கவைத்து, மூன்று நான்கு சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மலைகளுக்கு நடுவே போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.